மீசைக்கார மொதலாளி

செல்போனில் ஒரு பெண், முகத்தைப் பச்சைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ராப் பாடினாள்.

“விடிஞ்சா நெருப்பு, அடைஞ்சா நெருப்பு,
வெந்து போச்சுய்யா எம் பொழப்பு!
மீசைக்கார மொதலாளி, உனக்கேது பொறுப்பு?
ஒருநாள் லீவு கேட்டா மூஞ்சியெல்லாம் கடுப்பு!”

தாயில்பட்டி பட்டாசு ஆலை முதலாளி ராஜபாண்டியன் தம் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“ஞானசீலா, இவ நம்மகிட்ட வேலை பார்க்குறவதான். யாருன்னு கண்டுபிடி. இன்னைக்கே சீட்டைக் கிழிக்கணும்.”

போர்மேன் ஞானசீலன் அறுபது பெண்களையும் வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொருத்தியும் பாட வேண்டும். தீர்ப்புச் சொல்ல முதலாளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒருத்தி தாலாட்டுப் பாடினாள். சுப்புத்தாய் ஒப்பாரியே வைத்தாள். ராப் மட்டும் ஒருத்திக்கும் வரவில்லை.

“குரல் பிடிபடவே மாட்டேங்குதே!” என்றார் முதலாளி.

ஞானசீலன் தலையைச் சொறிந்தார். “மொதலாளி, தப்பா நினைக்காதீக. நம்ம ஆலைக்குள்ள ஒரு தீக்குச்சியைக்கூட விடுறதில்ல. இங்கன யாரு நெருப்பு முன்னால நின்னு வேலை பார்க்கா?”

ராஜபாண்டியன் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார்.

வாசல் கொடியில் பச்சைத் துப்பட்டா காய்ந்தது. அடுப்படியில் கரண்டி வாணலியைத் தாளத்தோடு தட்டிக்கொண்டிருந்தது.

அடுப்பு முன்னால் நின்ற அவர் மனைவி மாரீஸ்வரி திரும்பாமலே கேட்டாள்.

“பாட்டுப் போட்டி முடிஞ்சிருச்சா? மொதப் பரிசு யாருக்குக் குடுத்தீக?”

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அன்றுதான் அவள் குரலைக் காது கொடுத்துக் கேட்டார். உடனே பிடிபட்டுவிட்டது.