உதை தாங்காத ஸ்கோப்

பல்லடம் ரோட்டில் இலியாஸ் நடத்தும் ஏர் ரைபிள் கடையில் நல்ல நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அதில் எப்போதும் வேல்குமார் உட்கார்ந்திருப்பார். சாயப்பட்டறை முதலாளி, ரைபிள் கிளப்பின் பொருளாளர், துப்பாக்கி மேல் மாட்டிக் குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில், வெளிநாட்டுச் சரக்கு இரண்டுக்குச் சொந்தக்காரர். 'ஒரு சொட்டுச் சாயநீரும் வெளியே விடாத நிறுவனம்' என்று விசிட்டிங் கார்டிலும் பட்டறைச் சுவரிலும் எழுதி வைத்துக்கொண்டவர். கடைக்கு யார் வந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், யோசனை சொல்லாமல் விடமாட்டார். பாதி வியாபாரம் கெட்டதே அதனால்தான். பெரிய இடத்துப் பகை எதற்கு என்று இலியாஸ் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

அன்று ரோஸ்மேரி வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, பனியன் கம்பெனியில் டெய்லர். டார்கெட் ஷூட்டிங்குக்கு விலை குறைவாக ஒரு ஸ்கோப் வேண்டும் என்றாள்.

வேல்குமாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தைக்கிறவளுக்கு டார்கெட் ஷூட்டிங். அதுவும் விலை குறைவாக.

"ஏம்மா, இதென்ன செகண்ட்ஸ் பனியனா, குவிச்சுப் போட்டு விக்கிறதுக்கு?"

இலியாஸ் மலிவில் இரண்டு ஸ்கோப்பை எடுத்து வைத்தான். ஒன்று சின்னது. இன்னொன்று முன் லென்ஸ் அகலமாக, தூரத்துக்குத் தகுந்தபடி திருகிக்கொள்கிற மாதிரி இருந்தது. பத்து மீட்டரில் அட்டையைச் சுடுவதற்குச் சின்னதே அதிகம் என்று வேல்குமார் தீர்ப்புச் சொன்னார். தனக்குப் பத்து மீட்டர் இல்லை, இருநூறு மீட்டராவது இருக்கும் என்றாள் ரோஸ்மேரி.

ஏர் ரைபிள் குண்டு அவ்வளவு தூரம் போய் எதைத் துளைக்கும்? வேல்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்த நேரத்துல பாப்பே?"

"விடியக்காலையில சார். வெளிச்சம் கம்மியாத்தான் இருக்கும்."

"குறி அசையுமா?"

"அசையாது சார். ஒரே இடத்துலதான் இருக்கும்."

அப்படியானால் பெரிய லென்ஸ்தான் சரி என்று அவரே எடுத்து அவள் கையில் கொடுத்தார். வித்தையைக் காட்ட ஒரு ஆள் கிடைத்தால் அவருக்குச் சந்தேகம்கூட இரண்டாம்பட்சம்தான். இருநூறு மீட்டர் தள்ளி ஒட்டியிருக்கும் போஸ்டரில் அச்சகத்தின் பெயரைக்கூடப் படிக்கலாம் என்று பெருமையடித்தார். அவளோ, நடுவில் இருக்கும் கூட்டல் குறி பார்வையை மறைக்கிறதே, எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். குறி பார்க்கவே அதுதான் என்பது தெரியாத ஜென்மமெல்லாம் ஸ்கோப் வாங்க வந்துவிட்டது என்று வேல்குமார் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லிப்போடறேன். சுடறப்ப துப்பாக்கி உதைக்கும். இது மட்டமான மாலு, உதை தாங்காது."

"உதையெல்லாம் தாங்க வேண்டாம் சார். ஒரே ஒரு தடவை தெளிவாத் தெரிஞ்சாப் போதும்."

பில் போட்டு அவள் படியிறங்கியதும் வேல்குமார் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரே ஒரு தடவை என்றால் ஒரே ஒரு குண்டு. அப்படியானால் ஏர் ரைபிள் இல்லை, எங்கோ கள்ளத் துப்பாக்கி இருக்கிறது. விடியற்காலையில் அசையாமல் கிடப்பது, மொட்டை மாடியில் தூங்கும் ஆள். அவள் கழுத்தில் தாலி தொங்கியது. ஆகவே புருஷன். அப்பாவி ஒருவனின் உயிர் போகப்போகிறதே என்று உண்மையாகவே பதறினார். காப்பாற்றியவர் ரைபிள் கிளப் பொருளாளர் என்று படத்தோடு பேப்பரில் வருமே என்று அடுத்த நொடியே மனம் குளிர்ந்தார். கிளப்பில் தலைவர் தேர்தல் வேறு வருகிறது.

இலியாஸிடம் விலாசத்தை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். இன்ஸ்பெக்டர் மாரப்பன் அரை மனதோடுதான் கேட்டார். ஆனாலும் உயிர் சமாச்சாரம், சொல்பவரும் முதலாளி. மறுநாள் விடியும்போது ஜீப் கிளம்பியது. எட்டு மணிக்கு முன் கண் விழித்தறியாத வேல்குமார், படத்துக்கு எடுப்பாக வெள்ளைச் சட்டையோடு முன் சீட்டில் இருந்தார். வழியெல்லாம் தன் புத்திக்கூர்மையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்ததால் ஜீப் எந்தச் சந்தில் நுழைந்தது என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஓடைக்கரை லைன் வீட்டு மாடி. கதவு திறந்தே இருந்தது. செத்திருக்க வேண்டிய புருஷன் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். ஜன்னல் கம்பியில் ஸ்கோப்பை எலாஸ்டிக் நாடாவால் கட்டி, அதன் பின்னால் செல்போனைப் பொருத்திக்கொண்டிருந்தாள் ரோஸ்மேரி.

"துப்பாக்கி எங்கம்மா?" என்றார் மாரப்பன்.

"துப்பாக்கியா? அது எதுக்கு சார்?"

கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறி வருகிறது, மகளின் காலெல்லாம் புண் என்று சொன்னாள். அக்கரையில் சாயத்தண்ணீர் திறந்துவிடுகிறார்கள், அதிகாரிகள் வரும்போது மட்டும் குழாயை அடைத்துவிடுகிறார்கள். புகார் கொடுத்தால், அதிகாரிகள் ஆதாரம் கொண்டுவா என்றார்கள். போனில் எடுத்தால் புகைமாதிரி விழுந்தது, பெரிய கேமராவுக்கு வசதியில்லை. உண்மையைச் சொன்னால் கடையில் தரமாட்டார்களோ என்றுதான் டார்கெட் ஷூட்டிங் என்றாளாம்.

"எல்லாம் நடிப்புங்க. இதையெல்லாம் என்னாட்ட ஆளுதானுங்க பாக்கோணும்" என்று வேல்குமார் போனைத் தள்ளிவிட்டு ஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

வைத்த கண்ணை எடுக்கும்போது முகத்தில் ரத்தமே இல்லை.

"மங்கலா இருக்குதுங்க. மட்டமான மாலுங்க. ஒண்ணுமே தெரியலீங்க" என்றார்.

மாரப்பன் குனிந்து பார்த்தார். நன்றாக விடிந்திருந்தது. அவர் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்.

"குறை சொல்லாதீங்க, நல்லாத்தான் பொறுக்கிக் குடுத்திருக்கறீங்க, செவப்புத் தண்ணி கொட்டுற குழாயும் தெரியுது, அதுக்கு மேல சுவத்துல 'ஒரு சொட்டுச் சாயநீரும் வெளியே விடாத நிறுவனம்'னு உங்க பேரு போட்டு எழுதியிருக்கறதும் தெளிவாத் தெரியுதுங்க."