அக்கா முங்கிய மடை

கண்மாய்க்குள் முங்கி மடைக்கட்டையை உருவித் தண்ணீர் திறந்துவிடுவது தலைமுறையாக அந்த வீட்டு ஆண்களின் வேலை. அப்பாவுக்குப் பிறகு அழகரின் முறை. அவனோ ஷார்ஜாவில் இருந்தான்.

"ஆம்பள இல்லாத வீடு. மடைய வேற வீட்டுக்கு மாத்துங்கப்பா" என்றார்கள் ஊரில்.

"ஏன், நான் முங்குறேன்" என்று அக்கா ராக்காயி சேலையை வரிந்து கட்டிவிட்டாள்.

அவள் தலை தண்ணீருக்குள் மறைவதை ஃபோனில் வீடியோ காலில் பார்த்ததுமே அழகரும் மூச்சை அடக்கிக்கொண்டான். சின்ன வயதில் இருவரும் கிணற்றில் போட்டிபோட்டு முங்குவார்கள். அவன்தான் எப்போதும் முதலில் மேலே வருவான். இப்போதும் தாங்கவில்லை, மூச்சை விட்டுவிட்டான். கண்மாயில் ஒரு குமிழிகூட இல்லை.

"அத்தே, யாராச்சும் குதிங்கத்தே!"

"சத்த சும்மா கெடடா" என்றாள் ஃபோனைப் பிடித்திருந்த அத்தை. அவளும் கரை விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

திடீரென்று கரைக்கு அந்தப்பக்கம் வாய்க்கால் உறுமியது. பெண்கள் குலவையிட்டார்கள். அத்தை ஃபோனைப் புல்லில் போட்டுவிட்டு ஓட, அவனுக்கு வெறும் வானம்தான் தெரிந்தது. "அக்கா! அக்கா!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினான்.

ஈரக்கை ஒன்று ஃபோனை எடுத்தது. திரை முழுக்கத் தண்ணீர் சொட்டும் முகம், மூச்சு வாங்க வாங்கச் சிரித்தது.

"ஏண்டா, இன்னைக்கும் நீதான மொதல்ல மூச்ச விட்ட?"