பச்சைப் புட்டி

"அப்பா, பச்சைத் தண்ணி குடிச்சவங்க எல்லாரும் செத்துட்டாங்களே, நீங்க ஏன் குடிக்கிறீங்க?" என்று மகள் மிரெம்பே ஒருநாள் கேட்டாள். அன்றோடு வாலுசிம்பி, வலிக்குக் கொடுத்திருந்த அந்தப் பச்சை மார்ஃபின் மருந்தை நிறுத்திவிட்டார். புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவியிருந்தது. வலியில் மண்டியிட்டு ஜெபிக்கக்கூட முடியவில்லை.

மசாக்கா நகர ஆஸ்பத்திரியிலிருந்து மேடேறி அவர் வீட்டுக்கு வந்த நர்ஸ் பிருங்கி, நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள்.

"என்னண்ணே, புட்டி நிறைஞ்சபடியே இருக்கு? வாழைக்கு ஊத்தப் போறீங்களா?"

"அது சாவு மருந்து சிஸ்டர். குடிச்சவன் எழுந்திருக்க மாட்டான். ஊருக்குத்தான் உபதேசம். நீங்க குடிப்பீங்களா?"

பிருங்கி கடிகாரத்தைப் பார்த்தாள். தன் பையிலிருந்து இன்னொரு புட்டியை எடுத்தாள். அதே பச்சை. அதன் மேல் அவள் பெயர் எழுதியிருந்தது. அளந்து ஊற்றி, ஒரே மடக்கில் குடித்தாள்.

"எனக்கு மார்புல ஆரம்பிச்சு முதுகெலும்புக்கு வந்துருச்சுண்ணே. போன மழைக்காலத்துலேர்ந்து குடிக்கிறேன். நோய் தீராது, வலி அடங்கும். இல்லேன்னா இந்த மேட்டை ஏறியிருப்பேனா?"

ஞாயிறன்று வீட்டில் எல்லோரும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். மறுபடி மருந்து குடிக்கத் தொடங்கியிருந்த வாலுசிம்பி, கட்டிலைப் பிடித்து மெல்ல மண்டியிட்டார். தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. பிருங்கியின் பெயரை மட்டும் சொன்னார்.