குல்லாய்க்காரர்

"ஜனவரி 22. சோக் குமிழை இழுக்காமல் வண்டியைக் கிளப்பப் பார்த்தேன். என் தப்பு" என்று அன்றிரவு டைரியில் எழுதினான் பரணி.

பழங்காலக் காரை ஓட்ட அவனுக்கு அதுதான் முதல் நாள். கல்யாண மாப்பிள்ளையை ஏற்றத் தாமதமானால் வேலை போய்விடும். பொங்கலூர் டீக்கடை முன்னால் முந்தைய இரவே நிறுத்திய வண்டியோ, விடியற்குளிரில் மறுபடி கிளம்பவே மறுத்தது.

குரங்குக் குல்லாயோடு டீ குடித்தவரைக் கூப்பிட்டான். "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி உடுங்க!"

அவர் மூச்சு வாங்கத் தள்ளினார். "தம்பி, சோக்கை இழுத்தீங்களா?"

குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் அந்தக் குமிழை இழுத்ததும் வண்டி உறுமியது.

"மாப்பிள்ளை ஊடு எதுங்க?" என்று கேட்டான் பரணி.

அவர் குல்லாயைக் கழற்றினார். "நாந்தானுங்க மாப்பிள்ளை. பேரு குணா. கல்யாணப் படபடப்புல டீக் குடிக்க வந்தேன்."

அதற்குள் வண்டியின் முதலாளி பரணியின் போனில் கத்தினார். குணாவே வாங்கிப் பேசினார். "அப்பவே வந்துட்டாருங்க. நாந்தான் லேட்டுங்க."

பரணிக்குப் போன உயிர் திரும்பியது.

கடைசி வரியை எழுதினான்: "நாளை காலை ஆறு மணிக்குக் குணாவையும் பெண்ணையும் மறுவீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும்."