மிஸ் தினமும் தருவாங்க
மூன்றாம் வகுப்பு ஜன்னலை ஒட்டிக் காப்பித் தோட்டத்துப் பனி நிற்கிறது. பிள்ளைகள் கணக்குப் பழகுவதற்காக வந்த கையடக்க வீடியோ கேம்களை, உடைத்துவிடுவார்கள் என்று ஆறு மாதமாகப் பீரோவில் பூட்டி வைத்திருந்த ஆசிரியை ஆஸ்மா, பள்ளியைப் பார்வையிடக் கல்வி அதிகாரி வந்த பிறகுதான் அவசரமாக எடுத்துக் கொடுத்திருக்கிறாள். திரைமேல் ஒட்டிய கண்ணாடித்தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை. “தினமும் இதுலதான் கணக்குப் போடுறீங்களா, கண்ணு?” என்று முதல் பெஞ்சில் குனிந்து கேட்கிறார் அதிகாரி. யாழினி ஒரு கணம் ஆஸ்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். “ஆமாங்க சார், மிஸ் தினமும் தருவாங்க. நொம்ப நல்லா இருக்குங்க.” கேம் அவள் கையில் தலைகீழாக இருக்கிறது. அதைக் கவனிக்காமல் அதிகாரி தலையாட்டிவிட்டு நகர்கிறார். “சரியாச் சொன்னனுங்களா, மிஸ்?” என்று கிசுகிசுக்கிறாள் யாழினி. ஆஸ்மாவின் காது மடல்கள் சுடுகின்றன. எதற்கெடுத்தாலும் வெரிகுட் சொல்லும் அவள், இப்போது கேமை நேராகத் திருப்பிப் பிடித்து, அதன் கண்ணாடித்தாளை உரிக்கிறாள்.