மூலைப் பீப்பாய்

அடைத்துவைத்த பீப்பாயில் விஸ்கி ஆவியாகிக் குறையுமே தவிர ஏறாது. சின்னதாக ஓர் ஆலை நடத்தும் அக்காவுக்கு இது அத்துப்படி. ஆனால் அன்று மூலைப் பீப்பாயின் முத்திரையை உடைத்து அளவுகோலை விட்டபோது, மட்டம் ஒரு சாண் ஏறியிருந்தது.

"கூடினா நமக்கு லாபந்தானே!" என்று சிரித்தான் தம்பி.

"உள்ள ஏதாவது முங்கிக் கெடந்தாத்தாண்டா மட்டம் ஏறும்."

அவன் சிரிப்பு நின்றது. "இன்னொரு தடவ பாருக்கா" என்று கதவுப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

கட்டைவிரல் பருமனே இருந்த துளையில் அவள் மறுபடி கோலை விட்டாள். மட்டம் இறங்கியிருந்தது. பீப்பாயில் கசிவே இல்லை.

"எதுக்குக்கா ஈரக்கையோட தோளப் பிடிக்கிற?" என்றான் தம்பி, திரும்பாமலே.

அவளுடைய இரண்டு கைகளும் கோலில் இருந்தன.