அரை அங்குலம்

"திருப்புங்க பாய், கை உங்களோடதுதான்," என்றாள் பிசியோதெரபிஸ்ட் ஜாஸ்லின்.

மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த தன் வலது கையை மீரான் முறைத்துப் பார்த்தான். உள்ளங்கை கொஞ்சம் மேல்நோக்கித் திரும்பினால் போதும். திரும்பவில்லை.

பைக்கிலிருந்து விழுந்து கை நரம்பு அறுந்து ஒரு வருடம். ஆபரேஷன் முடிந்து ஒன்பது மாதம். இந்த வாரத்துக்குள் அசைவு தெரியாவிட்டால் இனி எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்று சனிக்கிழமை.

ஸ்க்ரூ முறுக்க முடியாதவனை ஏ.சி. மெக்கானிக் என்று யார் கூப்பிடுவார்கள்?

பாலக்கரையில் அந்தச் சின்ன பிசியோதெரபி அறையின் சுவரில் ஒரு படம் இருந்தது. முன்கையில் இரண்டு எலும்புகள். கை கவிழும்போது ஒன்று மற்றதன் குறுக்கே சாய்கிறது. திரும்பும்போது உருண்டு வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. அதை உருட்டிவிடும் பெரிய தசை இருப்பதோ முழங்கைக்கு மேலே. இளவட்டங்கள் சட்டையைச் சுருட்டிக் காட்டுகிற அதே தசை.

கையை மடக்கத்தான் அது என்று நினைத்திருந்தான் மீரான். இருபது வருட ஸ்க்ரூக்களையும் முறுக்கியது அதுவாம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி வஹீதா, ஆட்டோ குலுக்கலில் நோன்புக் கஞ்சி சிந்திவிட்டதா என்று தூக்குவாளியைத் திறந்து பார்த்தாள்.

"மூடு புள்ள. நோன்பு திறக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. ஆளைக் கொல்லாத."

"பார்க்கத்தானே செஞ்சேன்? நீங்க கையைப் பாருங்க."

பட்டையும் பூண்டும் புதினாவும் அறை முழுக்கப் பரவின. மூக்கு அவன் பேச்சைக் கேட்கவில்லை. நெஞ்சு நிறைய இழுத்தான்.

கட்டைவிரல் பக்கம் எழுந்தது.

அரை அங்குலம்.

மேற்கையில் தோலுக்கடியில் எலிக்குஞ்சு ஓடியது போல ஒரு துடிப்பு. உள்ளே, யாரும் பார்க்க முடியாத இடத்தில், எலும்பு எலும்பைச் சுற்றி உருண்டுகொண்டிருந்தது.

"யா அல்லாஹ்," என்றாள் வஹீதா. தூக்குவாளியின் மூடி கீழே விழுந்து உருண்டது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

ஜாஸ்லினின் விரல்கள் கைக்குப் போகவில்லை. அவன் விலாவில், சட்டைக்கு மேலாக, நீளத் தையல் தழும்பின்மேல் நின்றன.

"இங்கேருந்துதான் நரம்பை எடுத்துக் கையில கோத்தாங்க. அதுக்குத் தெரிஞ்சது ஒரே வேலைதான் பாய், மூச்சு இழுக்கிறது." அவள் விரல்களை எடுத்தாள். "போதும், மூச்சை விடுங்க. மறுபடி இழுத்தா மறுபடி வரும்."

மீரான் தலையாட்டினான். ஆனால் மூச்சை விடப் பயமாக இருந்தது.